காசு இருந்தும் கிடைக்காத மிட்டாய்

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாகுளத்திலிருந்து ஒரு காணொளி வெளியே வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் பெட்டிக்கடைக்குத் தின்பண்டம் வாங்க வருகிறார்கள். ஊரில் கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம், உங்கள் தெருக்காரர்களுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் அவர்களைத் திருப்பி அனுப்புகிறார். பிள்ளைகள் பட்டியல் சாதியினர். காணொளி பரவியதும் கடைக்காரர் கைதானார். கடைக்குச் சீல் வைக்கப்பட்டது.

அந்தப் பிள்ளைகளிடம் இல்லாமல் போனது எது? வாங்கத்தான் வந்தார்கள், ஆகவே காசு பிரச்சினை இல்லை. கடை திறந்திருந்தது, சரக்கும் இருந்தது. அவர்களுடைய பெற்றோரின் கூலி அன்றே இரு மடங்காகியிருந்தாலும் மிட்டாய் கிடைத்திருக்காது. குழந்தையின் வறுமையைக் குடும்ப வருமானத்தைக் கொண்டு அளக்கும் எந்தக் கணக்கும் அந்தக் கடை வாசலில் ஒரு குறையையும் காணாது. ஒரு குழந்தைக்குச் சமூகம் என்ன கடன்பட்டிருக்கிறது, அதைத் தெரிந்துகொள்ள எதை அளக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த வாசலிலிருந்து தொடங்குவதே நேர்மை.

தமிழ்நாட்டில் ஒரு குழந்தையின் இல்லாமை பெரும்பாலும் அரசின் கண்ணில் படுவது வருமானச் சான்றிதழ் வழியாகத்தான். இ-சேவை மையத்தில் கொடுத்த விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலேறி ஓர் எண்ணாகத் திரும்பி வருகிறது. மாதச் சம்பளக்காரருக்கு அந்த எண் உண்மையானது. மழை பெய்தால் வேலையில்லாத சித்தாளுக்கும், முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு சூளையில் செங்கல் அறுப்பவருக்கும், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்ப்பவருக்கும் ஆண்டு வருமானம் என்ற ஒன்று வாழ்க்கையில் இல்லை. தாளில் மட்டும் இருக்கிறது. எழுதிக் கொடுக்கும் அலுவலரைக் குறை சொல்லவும் முடியாது, எதையாவது எழுதித்தான் ஆக வேண்டும். எண் சரியாகவே இருந்தாலும் அதற்குள் குழந்தை எங்கே இருக்கிறது? வந்த கூலியில் எவ்வளவு வட்டிக்குப் போயிற்று, எவ்வளவு பாட்டியின் மருந்துக்குப் போயிற்று, அண்ணனுக்கு டியூஷன் வைத்தவர்கள் தங்கைக்கும் வைத்தார்களா என்பவை அதில் தெரியாது. வீட்டின் வருமானத்தை வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் வருமானமாகவும் எடுத்துக்கொள்வது, சமைத்ததெல்லாம் எல்லாருடைய தட்டிலும் சமமாக விழுந்தது என்று நம்புவதைப் போன்றது.

இந்தியாவில் வறுமையை எண்ணால் பிடிக்க முயன்ற முன்னோடி தாதாபாய் நவ்ரோஜி. கப்பலேற்றி அனுப்பப்பட்ட கூலிகளுக்கும் சிறைக் கைதிகளுக்கும் அரசு ஒதுக்கிய உணவின் செலவை 1870களில் அவர் அளவுகோலாகக் கையில் எடுத்தார். கைதிக்குக் கிடைப்பதுகூடச் சாதாரணக் குடியானவனுக்குக் கிடைக்கவில்லை என்று ஆட்சியாளர்களின் கணக்கைக் கொண்டே அவர்கள்மீது குற்றம் சாட்டினார். அந்த அளவுகோலுக்கு ஓர் எதிராளி இருந்தார். விடுதலைக்குப் பின் வந்த அளவுகளில் எதிராளி மறைந்துபோனார். 1979இல் அலக் குழு, கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி, நகரத்தில் 2,100 கலோரி என்று கோடு கிழித்தது. 2009இல் டெண்டுல்கர் குழு அந்தக் கோட்டை மாற்றி, கல்வி, மருத்துவச் செலவுகளையும் கணக்கில் சேர்த்தது. இரண்டிலும் கேள்வி ஒன்றே: ஒருவர் பிழைத்துக் கிடக்க எவ்வளவு செலவாகும்? யார் வறுமைக்குள் தள்ளினார்கள், யார் வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்க அந்தக் கோட்டில் இடமில்லை.

அதே 1979இல் வேறு மூன்று காரியங்களும் நடந்தன. மே மாதம் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அமர்த்தியா சென், சமத்துவம் என்றால் எதில் சமத்துவம் என்று கேட்டு ஓர் உரை நிகழ்த்தினார். கையில் உள்ள பொருளைக் கொண்டு ஒருவரால் எதைச் செய்ய முடிகிறது, எப்படி இருக்க முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். பிரிட்டனில் பீட்டர் டவுன்செண்ட், அந்நாட்டு வறுமை பற்றிய தம் பெரும் ஆய்வை நூலாக வெளியிட்டார். சோறு, துணி, வீட்டோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கடந்த 4 வாரங்களில் விளையாடவோ தேநீர் அருந்தவோ நண்பர் யாராவது பிள்ளையைத் தேடி வீட்டுக்கு வந்தார்களா, கடைசிப் பிறந்தநாளுக்கு விருந்து இருந்ததா என்றும் குழந்தைகளைப் பற்றிக் கேட்டார். அற்பமாகத் தோன்றும் கேள்விகள். ஆனால் ஒரு குழந்தை தன் வயதொத்தவர்களின் உலகத்துக்குள் இருக்கிறதா வெளியே நிற்கிறதா என்பதை ரேஷன் அட்டையைவிட இவை தெளிவாகச் சொல்லும்.

மூன்றாவது காரியம் தமிழ்நாட்டில் நடந்தது. அந்த ஆண்டு ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு, பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. எதிர்ப்பு பெரிதாகக் கிளம்பியது. 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களில் அ.தி.மு.க. வென்றவை இரண்டே. சில வாரங்களுக்குள் ஆணை திரும்பப் பெறப்பட்டது. 31 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு 50 ஆக உயர்ந்தது.

இந்தக் கதையைத் தேர்தல் கணக்காக மட்டும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அதற்குள் இருக்கும் அறக் கேள்வி அப்படிக் கடந்துபோகத் தக்கதன்று. வருமான வரம்பு எம்.ஜி.ஆரின் தனி யோசனையும் இல்லை; 1970இல் அறிக்கை தந்த சட்டநாதன் ஆணையம், பிற்படுத்தப்பட்டோரில் சில சாதியினரே பெரும்பங்கு வாய்ப்பை எடுத்துக்கொள்வதைக் கண்டு வரம்பு ஒன்றைப் பரிந்துரைத்திருந்தது. ஒரே சாதிப் பட்டியலில் இருக்கும் வசதியான வீட்டுப் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பது நியாயமா என்ற கேள்விக்கு உண்மையான கனம் உண்டு. அதைச் சாதி எதிர்ப்பாளர்களை நோக்கிய சூழ்ச்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனாலும் விடை பிழையானது. தலைமுறை தலைமுறையாக ஒரு கூட்டத்தாருக்கு எதிராகக் கதவு சாத்தப்பட்டதற்கான பரிகாரம் இடஒதுக்கீடு. கதவு சாத்தியவர்கள் வந்தவரின் சட்டைப் பையைப் பார்த்துச் சாத்தவில்லை. பையைப் பார்த்துத் திறப்பது எப்படி நியாயமாகும்?

உள்ளுக்குள் இருந்த ஏற்றத்தாழ்வுக்கு வேறு வழி இருந்ததைப் பின்னர் தமிழ்நாடே காட்டியது. பட்டியல் சாதியினருக்குள்ளும் அருந்ததியர் பின்னுக்குத் தள்ளப்பட்டிருப்பதை நீதிபதி ஜனார்த்தனம் குழு ஆராய்ந்தது. 2009இல் அவர்களுக்கு 3 சதவீத உள்ஒதுக்கீடு சட்டமானது. விலக்கப்பட்டவர்களுக்குள் மேலும் விலக்கப்பட்டவர்களைத் தேடும்போது விலக்கத்தையே இன்னும் கூர்மையாக அளந்தார்கள், வருமானத்தின் பக்கம் திரும்பவில்லை.

முதல் பட்டதாரிச் சலுகையும் இப்படிப்பட்ட ஓர் அளவுதான். குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றிராத வீட்டிலிருந்து தொழிற்கல்விக்கு வரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை 2010 முதல் தமிழ்நாடு அரசு ஏற்கிறது. சாதியும் வருமானமும் கேட்கப்படுவதில்லை. பொறியியல் கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை முதலில் எழுதுவது என்று கேட்க வீட்டில் ஆளில்லாத நிலையை அது கணக்கில் எடுக்கிறது. வங்கியில் எவ்வளவு பணம் இருந்தாலும் அந்த நிலை ஒரே நாளில் மாறுவதில்லை. ஆனால் இதற்கும் ஒரு முள் உண்டு. குடும்பத்தில் ஒருவருக்கே இது கிடைக்கும். அக்கா பட்டம் பெற்று அடுத்த மாவட்டத்துக்கு மணமாகிப் போய்விட்டால், தம்பிக்கு வழிகாட்ட வீட்டில் ஒருவர் இருப்பதாகத் தாள் சொல்கிறது. வீட்டில் அம்மாவும் மூடிய புத்தகங்களும்தான் இருக்கும்.

குடும்பத்தை ஒற்றை ஆளாக எண்ணும் இந்தப் பழக்கம், வருமானத்தைத் தாண்டிவிட்டோம் என்று சொல்லும் பெரிய அளவைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டின் சபீனா அல்கைரும் ஜேம்ஸ் ஃபாஸ்டரும் உருவாக்கிய முறையில் அமைந்த பல்பரிமாண வறுமைக் குறியீட்டை நிதி ஆயோக் 2021 முதல் இந்தியாவுக்கு ஏற்ப வெளியிடுகிறது. ஊட்டச்சத்து, பள்ளி வருகை, கழிப்பறை, குடிநீர், மின்சாரம் என 12 குறிகள். இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. கலோரிக் கோட்டுக்குத் தெரியாத எவ்வளவோ இதற்குத் தெரியும். ஆனால் வீட்டில் 10 வயதைக் கடந்த ஒருவர் ஆறாண்டு படித்திருந்தால் அந்த வீடே கல்வியில் குறையில்லாத வீடாகிவிடுகிறது. அப்பா படித்த ஆறாண்டு மகளின் கணக்கிலும் ஏறுகிறது. 2019-21 தரவுகளின்படி இந்தியாவில் இந்த வறுமைக்குள் இருப்பவர்கள் 14.96 சதவீதம், தமிழ்நாட்டில் 2.2 சதவீதம். உழைத்துப் பெற்ற எண், பெருமைப்படத் தக்கதே.

பெருமைப்பட்டுக்கொண்டே புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் அங்கே பட்டியல் சாதிக் குடியிருப்பின் பிள்ளைகள் அடுத்தடுத்து நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகு மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மனித மலம் கிடந்தது. யார் செய்தது என்பது வழக்கின் விஷயம். அளவையின் விஷயம் வேறு. பாதுகாக்கப்பட்ட நீராதாரம் இருக்கிறதா, நடந்துபோய் எடுத்துவர 30 நிமிடத்துக்குள் ஆகுமா என்பதே குடிநீர் பற்றிய கேள்வி. தொட்டி இருந்தது, குழாய் இருந்தது. குறியீட்டைக் கேட்டால் அந்த வீடுகளுக்குக் குடிநீர்க் குறையில்லை.

பாஞ்சாகுளத்தையும் வேங்கைவயலையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். வருமானமோ 12 குறிகளோ, அளவைகள் எல்லாம் குழந்தையிடம் என்ன இல்லை என்று தேடுகின்றன. விலக்கம் குழந்தையிடம் இருக்கும் குறையாக இருந்தால் அது அகப்படும். ஆனால் விலக்கம் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் செயல். செய்தவரின் பக்கம் திரும்பாத அளவுகோலில் அது பதிவாவதில்லை.

இந்த இடத்தில் வருமானத்தின் பக்கம் நிற்பவர்களின் எச்சரிக்கையைக் கேட்டே ஆக வேண்டும். வருமானத்தைத் தாண்டி என்ற சொல் எப்போதும் நல்லெண்ணத்தோடு வருவதில்லை. பிரிட்டன் 2010இல் குழந்தை வறுமைச் சட்டம் இயற்றி, வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட இலக்குகளை அரசின் கடமையாக்கியது. 2012இல் புதிய அரசு, வருமானம் மட்டும் போதாது, குடும்பம் நிலையாக இருக்கிறதா, பெற்றோருக்கு வேலையும் திறமையும் இருக்கின்றனவா, போதைப் பழக்கம் உண்டா என்றெல்லாம் அளக்கலாம் என்று கருத்துக் கேட்டது. கேட்க முழுமையான பார்வை போலத்தான் இருந்தது. 2016இல் வந்த சட்டம் வருமான இலக்குகளை நீக்கிவிட்டு, பெற்றோரின் வேலையின்மையையும் பிள்ளைகளின் தேர்ச்சியையும் அந்த இடத்தில் வைத்தது. வருமானப் புள்ளிவிவரத்தைத் தொடர்ந்து வெளியிட வேண்டும் என்பதையே பிரபுக்கள் சபை போராடித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. அதே சட்டம், குழந்தைகளுக்கான உதவித்தொகையை இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் விதியையும் கொண்டுவந்தது. அளவை விரிந்தது, பணம் சுருங்கியது. அரசு தர வேண்டிய தொகையாக இருந்த வறுமை, பெற்றோரின் ஒழுக்கக் குறைவாக மாறியது.

எனவே இரண்டையும் பிரித்துப் பேசுவதே முறை. பசியோடு பள்ளிக்கு வரும் பிள்ளை எந்தத் தெருவைச் சேர்ந்ததானாலும் பசிக்கிறது. ஆதிக்க சாதியில் பிறந்த கூலிக்காரர் மகனுக்குத் தர வேண்டியது பணமும் சோறும், அதை வருமானக் கணக்கே சரியாகச் சொல்லும். அந்தக் கடனைத் தீர்க்க வேண்டியது கஜானா. கடை வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்குக் கடன்பட்டிருப்பது ஊர். பசிக்கு ஆறில் ஒரு பங்கு, அவமானத்துக்கு ஆறில் ஒரு பங்கு என்று எடை போட்டுக் கூட்டி ஒற்றை எண்ணாக்கினால், ஒரு கடனைக் கொஞ்சம் அடைத்து இன்னொன்றை மறைத்துவிட முடியும். கழிப்பறை கட்டிக் கொடுத்துக் குறியீட்டை உயர்த்திக்கொள்ளலாம், அந்தக் கழிப்பறையை எந்தப் பிள்ளையைக் கொண்டு கழுவ வைக்கிறார்கள் என்று கேட்காமலே.

முதல் கடனைப் பொறுத்தவரை தமிழ்நாட்டின் சிறந்த மரபு, அளக்காமல் கொடுத்ததுதான். காமராசர் காலத்து மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும், 2022இல் மதுரையில் தொடங்கிய காலை உணவும் சான்றிதழ் கேட்டுத் தட்டு வைக்கவில்லை. ஏழை என்று நிரூபித்துவிட்டு உண்ண வேண்டிய அவசியம் பிள்ளைக்கு நேரவில்லை என்பது அந்தச் சோற்றுக்குள் இருக்கும் மரியாதை. ஆனால் 2023இல் கரூர் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் அந்தக் காலை உணவைப் பட்டியல் சாதிப் பெண் சமைக்கிறார் என்பதற்காகச் சில பெற்றோர் தங்கள் பிள்ளைகளை உண்ண விடவில்லை. மாவட்ட ஆட்சியரே நேரில் போய்ப் பேச வேண்டியிருந்தது. எல்லாருக்கும் கொடுப்பதால் வருமானத்தை அளக்கும் தேவை போய்விடுகிறது. விலக்கத்தை அளக்கும் தேவை அப்படியே இருக்கிறது.

அளப்பதும் காயப்படுத்தும் என்பதை மறக்கக் கூடாது. பழங்குடிச் சான்றிதழுக்காகத் தலைமுறைக் கணக்கில் அலையும் குடும்பங்கள் இருக்கின்றன. மகனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று 2022 அக்டோபரில் ஒரு தகப்பன் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தீக்குளித்து இறந்தார். விலக்கப்பட்டதற்கான ஆதாரத்தை விலக்கப்பட்டவரே சுமந்து வர வேண்டும் என்ற ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. வகுப்பறைக்குள்ளும் இதே ஆபத்து உண்டு. 2023இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யவும், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் செய்யவும், அகர வரிசையில் மாணவர்களை உட்கார வைக்கவும் பரிந்துரைத்தது. பிள்ளையின் நன்மைக்காக எழுதப்படும் விவரம் தவறான கையில் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிய சீட்டாகிவிடும் என்பதை அந்தக் குழு அறிந்திருந்தது.

அப்படியானால் விலக்கத்தை அளக்கவே கூடாதா? கூடும். நாடாவைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். குழந்தையை அளப்பதை விட்டுப் பள்ளியையும் கடையையும் தெருவையும் அளக்க வேண்டும். நாடு முழுவதும் பள்ளிகளிடம் வாங்கப்படும் யுடைஸ் பிளஸ் படிவம் கழிப்பறைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறது, தண்ணீர் வசதியைக் கேட்கிறது, சாதிவாரியாக மாணவர் எண்ணிக்கையையும் கேட்கிறது. எல்லாரும் ஒரே இடத்தில் தண்ணீர் குடிக்கிறார்களா, சத்துணவுக்கு எத்தனை வரிசை, வகுப்பைப் பெருக்கச் சொல்லப்படுவது யார் என்று கேட்பதில்லை. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. அந்தப் பட்டியலில் இருக்கும் ஊரின் பள்ளியை, தேர்ச்சி விகிதம் நன்றாக இருக்கிறது என்பதற்காக நல்ல பள்ளி என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

செய்தவர்களிடம் கேட்டால் உண்மை வராது என்பார்கள். வரும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2011-12இல் 42,000க்கும் மேற்பட்ட வீடுகளில் நடந்த இந்திய மானுட மேம்பாட்டு ஆய்வு, உங்கள் வீட்டில் யாராவது தீண்டாமை கடைப்பிடிக்கிறார்களா என்று நேரடியாகக் கேட்டது. இல்லை என்றவர்களிடம், பட்டியல் சாதியினர் ஒருவர் உங்கள் அடுப்படிக்குள் வரலாமா, உங்கள் பாத்திரத்தைப் புழங்கலாமா என்று அடுத்த கேள்வியும் போட்டது. 27 சதவீத வீடுகள் கடைப்பிடிப்பதை ஒத்துக்கொண்டன. மறைத்தவர்கள் எத்தனை பேரோ, ஒத்துக்கொண்டவர்களே நான்கில் ஒரு பங்குக்கு மேல். அந்த வீடுகளிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உண்டு. மறுநாள் காலை அதே பிள்ளைகள் வகுப்பறையில் யார் பக்கத்திலோ போய் உட்காருகிறார்கள்.

டவுன்செண்டின் கேள்வியை அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்றவாறு மாற்றலாம். கடந்த 4 வாரங்களில் உன்னைத் தேடி யார் வந்தார்கள் என்று காலனிக் குழந்தையிடம் கேட்டு அதைத் தலைகுனிய வைக்க வேண்டாம். ஊர்த்தெருக் குழந்தையிடம் கேட்கலாம்: உன்னோடு படிக்கிறவர்களில் யார் யார் வீட்டில் நீ தண்ணீர் குடித்திருக்கிறாய்? குடிக்கவில்லையென்றால், குடிக்காதே என்று உன்னிடம் சொன்னது யார்? எட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை. பெயரைச் சொல்லிவிடும்.